அப்பத்தாவின் சுருக்குப் பையில் காந்தி வெள்ளிக் காசுகள்: சேர்க்கவா, எடைக்குப் போடவா?

பள்ளத்தூர்க்காரன்

வணக்கம். நாணய விஷயத்தில் நான் கத்துக்குட்டி. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாசம் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஓடு மாற்ற வேண்டி வந்ததால் அறைகளைக் காலி செய்தோம். ஆறு பங்காளிகளுக்குப் பொதுவான வீடு, எல்லோரும் ஒன்றாக வந்து நின்றால்தான் பூட்டையே திறக்க முடியும், அதனால் அப்பத்தா காலமாகி ஒன்பது வருஷமாகியும் அவர்களுடைய பெட்டகத்தை யாரும் தொடவில்லை. இப்போது திறந்தோம். கண்டாங்கிச் சேலைகளுக்கு அடியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அதற்குள் ஒரு சுருக்குப் பை, பைக்குள் பதினெட்டு வெள்ளிக் காசும் ஒரே ஒரு தங்கக் காசும்.

வெள்ளியில் பதினாலு காசு ஒரே மாதிரி. காந்தி தலை, 10 ரூபாய், 1869-1948 என்று போட்டிருக்கிறது. அப்புறம் 1972-ஆம் வருஷத்து 10 ரூபாய் இரண்டு, பாராளுமன்றத்துக்கு முன்னால் கொடியோடு இரண்டு பேர் நிற்கிறார்கள். பெரிய வட்டில் மாதிரி 1974-இன் 50 ரூபாய் ஒன்று, அதில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரம். கடைசியாக 1957 சிலோன் 5 ரூபாய் ஒன்று. தங்கம் சிங்கப்பூருடையது, 1969, 150 டாலர், ஒரு பக்கம் கலங்கரை விளக்கம். ஐயா (அப்பாவின் அப்பா) சிங்கப்பூர் மார்க்கெட் தெரு வட்டிக்கடைக் கிட்டங்கியில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து மேலாளுக்கு அடுத்த அடுத்தாள் வரைக்கும் வந்தவர்கள், அந்த வழியாக வந்திருக்க வேண்டும்.

காந்தி காசு ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். பளபளவென்று வந்தது. பெரியப்பச்சி பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் வளவில் இருந்த புறா எல்லாம் பறந்துவிட்டது.

கேள்வி மூன்று. ஒன்று, காரைக்குடியில் ஒரு கடையில் காட்டினேன், "எல்லாம் பாதி வெள்ளிதான் தம்பி, எடைக்குப் போடுங்க" என்றார். உண்மையா? இரண்டு, இதையே ஆரம்பமாக வைத்து இந்திய வெள்ளி நினைவு நாணயங்கள் மொத்தத்தையும் சேர்த்துவிடலாம் என்று ஆசை வந்துவிட்டது, எங்கே தொடங்குவது? மூன்று, நம் நாட்டில் தங்கத்தில் நினைவு நாணயம் அடித்திருக்கிறார்களா?

பித்தளைத் தராசு

தம்பி, முதலில் புளியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். விபூதி, பல்பொடி, பேஸ்ட், எலுமிச்சை, கடையில் விற்கும் வெள்ளிப் பாலிஷ், எதுவும் வேண்டாம். வெள்ளியின் மேல் ஐம்பது வருஷமாகப் படிந்த அந்தக் கறுப்பும் ஊதாவும் அழுக்கு இல்லை, காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான படலம். சேர்க்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் காசு தேய்க்கப்படாதது என்று நம்புகிறார்கள். தேய்த்த காசை வெயிலில் சாய்த்துப் பாருங்கள், முடி மாதிரி கோடுகள் ஒரே திசையில் ஓடும். அது போகவே போகாது.

இனி உங்கள் முதல் கேள்வி. "எல்லாம் பாதி வெள்ளி" என்பது தவறு, எந்தக் காசில் தவறு என்பதுதான் முக்கியம். 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு அடித்த 10 ரூபாய் 15 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. ஒரு காசில் 12 கிராம் சுத்த வெள்ளி. பதினாலு காசுக்கு 168 கிராம். பாதி என்று கணக்குப் போட்டால் 105 கிராம்தான் வரும். மிச்சம் 63 கிராம் யார் வீட்டுக்குப் போகிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்னது 1972-க்குச் சரி. சுதந்திர வெள்ளி விழாவுக்கு அடித்த அந்த 10 ரூபாயில்தான் அரசாங்கம் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. காசு பெரிசு, 22 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, ஆனால் உள்ளே வெள்ளி சுமார் 11 கிராம். அதாவது காந்தி காசைவிடப் பெரிய காசு, காந்தி காசைவிடக் குறைந்த வெள்ளி. 1974-இன் 50 ரூபாயும் பாதி வெள்ளிதான், எடை 35 கிராம் அளவில் இருக்கும்.

சிலோன் காசுதான் அந்தப் பையில் இருக்கும் நல்ல வெள்ளி. புத்த ஜெயந்தி 2500-ஆம் ஆண்டுக்கு அடித்தது, 92.5 சதவீதம், 28 கிராமுக்கு மேல். 5 லட்சம் அடித்தார்கள், அதில் பாதியளவு திரும்பப் போய் உருக்கப்பட்டுவிட்டது. அதை எடைக்குப் போட்டால் நான் பள்ளத்தூருக்கே வந்து சண்டை போடுவேன்.

இன்னொன்று. காந்தி காசில் அடித்த வருஷம் கிடையாது. 1869-1948 என்பது அவர் பிறந்த, இறந்த வருஷம். இதை "1948 காசு, சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் அடித்தது" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கப் போகும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷத்துக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பாருங்கள். சின்ன வைர வடிவப் புள்ளி இருந்தால் பம்பாய் நாணயச் சாலை. ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. B என்ற ஆங்கில எழுத்து இருந்தால் சேர்க்கிறவர்களுக்கென்று பம்பாயில் தனியாக அடித்த ப்ரூஃப். அப்படி ஒன்று கிடைத்தால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள்.

வட்டிக்கடை வாரிசு

மேலே அண்ணன் சொன்னது சரி. ஆனால் கனவையும் கொஞ்சம் குறைத்துவைப்பது நல்லது. காந்தி 10 ரூபாய் லட்சக்கணக்கில் அடித்தது. நம் பக்கத்தில் பெட்டகம் திறந்தால் காந்தி காசு இல்லாத வீடு குறைவு, அப்போது பேங்கில் காசில் போட்டிருக்கும் முகமதிப்புக்கே கொடுத்தார்கள், பத்து ரூபாய்க்கு வெள்ளி கிடைக்கிறது என்று வாங்கி வைத்த ஆச்சிமார்கள் ஏராளம். எங்கள் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டில் நாற்பது கிடந்தது. ஆகவே தேய்ந்த காந்தி காசுக்கு வெள்ளி விலையை ஒட்டித்தான் விலை போகும். கை படாத பளிச்சென்ற காசு என்றால் மேலே கொஞ்சம்.

ஆனால் தம்பி ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 2011 நாணயச் சட்டப்படி இந்திய அரசு அடித்த காசை, நினைவு நாணயம் உட்பட, உருக்குவதும் அழிப்பதும் குற்றம். ஏழு வருஷம் வரைக்கும் சிறை என்று போட்டிருக்கிறது. எங்கள் கடைக்கு யாராவது காந்தி காசைக் கொண்டுவந்து "உருக்கிக் கொலுசு செய்து கொடுங்க" என்றால் கைகூப்பி அனுப்பிவிடுவேன். எடைக்கு வாங்குகிறேன் என்று சொல்கிற ஆள் அதை உருக்கப் போவதில்லை, சேர்க்கிறவரிடம் காசாகத்தான் விற்கப் போகிறார். அப்புறம் எதற்குப் பாதி வெள்ளிக் கணக்கு?

வெள்ளிதானா என்று வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அமிலமும் உரைகல்லும் வேண்டாம், அது காசைக் கெடுக்கும். புள்ளிக்குப் பின் இரண்டு தானம் காட்டும் சின்ன மின் தராசு வாங்குங்கள். முதலில் காசை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள், 15 கிராம் வர வேண்டும். அடுத்து ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல், தண்ணீருக்குள் முழுசாக இறக்கிப் பிடியுங்கள். தராசு காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. 80 சதவீத வெள்ளி என்றால் 1.48 பக்கத்தில் நிற்கும். செம்பும் நிக்கலும் கலந்த போலி என்றால் அதே 15 கிராமுக்கு 1.7 வரை ஏறும். நூலில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள். சோதித்த பிறகு துடைக்காதீர்கள், மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், ஏனென்றால் அந்தக் குழியில் விழுந்து எழுந்தவன் நான்.

"மொத்தத்தையும் சேர்ப்பேன்" என்றுதான் 2011-இல் நானும் ஆரம்பித்தேன். சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964-இல் நேருவுக்கு, அது நிக்கல், வெள்ளியில்லை. வெள்ளி 1969-இல் காந்தியோடு வருகிறது. 1970-இல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்புக்காக ஒரு 10 ரூபாய், அதுவும் 80 சதவீதம். 1972 சொல்லியாகிவிட்டது. 1973-இல் "அதிக உணவு விளைவிப்போம்" என்று 10 ரூபாயும் 20 ரூபாயும். 74-இல் 50 ரூபாய். அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஒரு முழக்கம், ஒரு 50 ரூபாய், 79-இலிருந்து 100 ரூபாய். இது வரைக்கும் ஒரு மனுஷன் சேர்க்கலாம். சம்பளத்தில் இருந்து மாசம் ஒன்று வாங்கினாலும் முடித்துவிடலாம்.

அதற்கப்புறம்தான் வினை. 2010-க்குப் பிறகு வந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. ஒரு தலைவருக்கு நூற்றாண்டு, ஒரு நிறுவனத்துக்கு நூற்றைம்பது, ஒரு கல்லூரிக்கு எழுபத்தைந்து, எல்லாவற்றுக்கும் காசு. 60 ரூபாய், 75 ரூபாய், 125 ரூபாய், 150 ரூபாய் என்று கடையில் யாரும் நீட்ட முடியாத மதிப்புகள். ஒவ்வொன்றிலும் ப்ரூஃப் ஒன்று, சாதா ஒன்று. ப்ரூஃப் என்றால் மெருகேற்றிய அச்சில் ஒரு முறைக்கு மேல் அழுத்தி அடிப்பது, பின்னணி கண்ணாடி மாதிரியும் உருவம் பனி படிந்த மாதிரியும் இருக்கும். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இவை புழக்கத்துக்கு வருவதேயில்லை. நாணயச் சாலை அட்டைப் பெட்டியில் போட்டு, முகமதிப்பைவிடப் பல மடங்கு விலையில் விற்கிறது. அதை முன்பதிவு செய்து வாங்கிய ஆள் இரண்டு மடங்கு வைத்து நம்மிடம் விற்கிறான்.

ஒரு விற்பனையாளரிடம், பெயர் வேண்டாம், நானே முன்பணம் கட்டி எட்டு மாசம் காத்திருந்தேன். கடைசியில் வந்த பெட்டிக்குள் ப்ரூஃபுக்குப் பதில் சாதாக் காசு. கேட்டால் "பெட்டி அதுதானே சார்" என்றார். பெட்டியையா சேர்க்கிறேன்?

அன்றைக்குக் கோடு போட்டேன். தமிழ்நாட்டோடு சம்பந்தமுள்ளது மட்டும். கேட்டால் குறுகிய மனசு என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும். 2003-இல் காமராஜர் நூற்றாண்டு 100 ரூபாய். 2009-இல் அண்ணா நூற்றாண்டு, கூடவே வந்த 5 ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கும், அது மளிகைக் கடைச் சில்லறையிலேயே எனக்குக் கிடைத்தது. 2010-இல் சி. சுப்பிரமணியம். எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர். இருவருக்கும் நூற்றாண்டு 100 ரூபாய். 2024 ஆகஸ்டில் கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய், அதில் "தமிழ் வெல்லும்" என்று தமிழிலேயே பொறித்திருக்கிறது. இவ்வளவையும் ஒரு தட்டில் வைக்கலாம்.

இந்த வரிசையில் ராஜா, தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக் காசு. முகமதிப்பு 1000 ரூபாய், 35 கிராம், 80 சதவீதம் வெள்ளி. காந்தி காசுக்குப் பிறகு பாதி வெள்ளியாகவே பார்த்துப் பழகிய கைக்கு அது கனமாக இருந்தது. அதாவது தூக்கினால் கனம் அதேதான், மனசுக்குக் கனம். நாணயச் சட்டப்படி ஆயிரத்துக்கு மேல் முகமதிப்பு வைக்க முடியாது, ஆக அந்தக் கோயிலுக்கு உச்சவரம்பையே கொடுத்துவிட்டார்கள். கோபுரத்தைக் காசுக்குள் அடக்கியிருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் நெருக்கடியாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

பித்தளைத் தராசு

ரஸ்தா அண்ணே, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். 1969 முதல் 1981 வரைக்கும் உள்ள வெள்ளியைத் தம்பி கட்டாயம் சேர்க்கலாம், அது நாட்டின் டைரி மாதிரி. அந்தப் பன்னிரண்டு வருஷக் காசுகளை வரிசையாகப் பாருங்கள். சோறு, குடும்பக் கட்டுப்பாடு, பெண்கள், சேமிப்பு, மறுபடியும் சோறு. என்ன பயம் இருந்ததோ அதைக் காசில் அடித்திருக்கிறார்கள். பிற்பாடு வந்தவற்றில் ஆள் முகம்தான் அதிகம்.

தம்பிக்கு இன்னொரு எச்சரிக்கை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கப் போவீர்கள், போக வேண்டியதுதான், அங்கே பொழுது போவதே தெரியாது. ஆனால் ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, மறு பக்கம் அனுமார் அல்லது ராமர் பட்டாபிஷேகம் என்று காசு காட்டினால் வாங்காதீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவேயில்லை. அரிசியை இழுக்கும், லட்சக்கணக்கில் போகும் என்று யாராவது காதைக் கடித்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நம் ஜில்லாவில் அந்த இரிடிய மோசடிக் கதையில் வீட்டை விற்றவர்கள் உண்டு.

கோலாலம்பூர் மருமகன்

எல்லோரும் வெள்ளியையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பையில் இருந்த தங்கத்தை யாரும் தொடவில்லையே!

பள்ளத்தூர் தம்பி, உங்கள் ஐயா வைத்திருந்தது சிங்கப்பூர் தன் பெயரில் அடித்த முதல் தங்க நினைவு நாணயம். ராஃபிள்ஸ் வந்து நகரம் தொடங்கி 150 வருஷம் ஆனதற்கு 1969-இல் வெளியிட்டது. அதனால்தான் 150 டாலர். காசில் இருப்பது ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம். எடை 24.88 கிராம், 92 சதவீதம் தங்கம், ஆக சுத்தத் தங்கம் கிட்டத்தட்ட 22.9 கிராம். நம் கணக்கில் மூணு பவுனுக்குக் கொஞ்சம் மேலே எடை. 1,98,000 காசு அடித்தார்கள், ஆகவே அபூர்வம் என்று சொல்ல முடியாது, தங்க விலைதான் அதன் விலை. ப்ரூஃப் என்றால் மட்டும் கதை வேறு, அது 500-தான்.

சிங்கப்பூர், மலேசியா இரண்டும் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தாராளம். சிங்கப்பூர் 1975-இல் சுதந்திரப் பத்தாம் ஆண்டுக்கு 100, 250, 500 டாலர் என்று மூன்று தங்கக் காசு அடித்தது. மலேசியாவில் 1976-இல் காட்டு விலங்குப் பாதுகாப்புக்கு வெள்ளியில் 15, 25 ரிங்கிட், தங்கத்தில் 500 ரிங்கிட். என் மாமனார் அந்த வெள்ளி இரண்டையும் சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், காரணம் கேட்டால் "இருக்கட்டும்" என்பார்.

அந்தக் காசு ஏன் சேலைக்கு அடியில் பாட்டிலுக்குள் இருந்தது என்பதற்கும் ஒரு காரணம் சொல்லலாம். 1968-இல் இந்தியாவில் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, 1990 வரைக்கும் இருந்தது. நகை வைத்துக்கொள்ளலாம், தங்கக் கட்டிக்கும் காசுக்கும் கெடுபிடி. கப்பலில் வந்தவர் 69-க்கு அப்புறம் அதைக் கொண்டுவந்து அப்பத்தா கையில் கொடுத்திருந்தால், அவர்கள் வெளியே எடுத்துக் காட்டியிருப்பார்களா? உருக்கிக் காதுக்குப் போட்டுக்கொள்ளாமல் விட்டதே ஆச்சரியம்.

மூன்றாவது கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஜனங்களைத் தங்கம் வாங்காதே என்று சொல்லிக்கொண்டிருந்த அரசாங்கம் தானே தங்கக் காசு அடித்து விற்குமா? வெள்ளியில் வந்த மாதிரி ஒரு தங்க வரிசை நமக்கு வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். 2015-இல் ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறு பக்கம் காந்தி போட்டு 24 காரட்டில் 5 கிராம், 10 கிராம் காசு விட்டார்கள். அதில் முகமதிப்பு கிடையாது. முகமதிப்பு இல்லாதது தங்கம்தான், நாணயம் இல்லை.

கண்டனூர் ஆச்சி

தங்கம் இந்திய மண்ணிலும் அடித்திருக்கிறது தம்பிமார்களே, ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில். 1918-இல் பம்பாயில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட சாவரின் என்ற தங்கக் காசு அடித்தார்கள். மறு பக்கத்தில் இருக்கும் குதிரையின் காலுக்குக் கீழே தரையில் ஐ என்ற ஆங்கில எழுத்து இருக்கும், இந்தியா என்பதற்கு. அந்த ஒரு வருஷம்தான். அதே வருஷம் அதே எடையில் 15 ரூபாய் தங்க மோகரும் வந்தது. நினைவு நாணயம் இல்லை, இருந்தாலும் உங்கள் வரிசைக்கு முன்னால் வைக்கலாம்.

நாம் சவரன் என்றும் பவுன் என்றும் சொல்வதே அந்தக் காசிலிருந்து வந்ததுதானே. காசு 7.98 கிராம், நகைக் கடையில் அதை 8 ஆக்கிவிட்டோம்.

என்னிடம் 1918 ஒன்று இருக்கிறது, எங்கள் ஆயாவின் காசுமாலையில் இருந்து கழன்றது. மேலே கொக்கி பற்றவைத்த தழும்பு இருக்கிறது. அதனால் சேர்க்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மகள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகிறேன் என்றாள், நூறு வருஷம் தாண்டிய பொருள் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது, வெளிநாட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். சட்டம் ஒரு முறையாவது எனக்கு உதவியது.

பையை மாற்றுங்கள் தம்பி. அந்துருண்டை போட்ட பெட்டகத்தில் திருப்பி வைக்காதீர்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், செய்தித்தாளில் சுற்றாதீர்கள், இரண்டும் வெள்ளியைக் கறுக்கவைக்கும். ஆல்பம் வாங்கினால் மெத்தென்று வாசனை அடிக்கும் பிளாஸ்டிக் வேண்டாம், அது நாளாக ஆகப் பச்சையாகப் பிசுபிசுத்துக் காசில் ஒட்டும். என்னுடைய 1970 காசு ஒன்று அப்படித்தான் போனது.

பள்ளத்தூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மருமகன் அண்ணன் எழுதியதைப் பெரியப்பச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "ஐயா 71-இல் வந்தபோது வேஷ்டி மடிப்பில் என்னமோ வைத்திருந்தார்கள், கேட்டதற்கு மூக்குப்பொடி என்றார்கள்" என்றார்.

தராசு வாங்கி நேற்று ராத்திரி பட்டாலையில் உட்கார்ந்து சோதித்தோம். நூலுக்கு அப்பத்தாவின் பூத்தொடுக்கும் நாரைத்தான் முதலில் எடுத்தேன், அது தண்ணீர் குடித்துத் தராசை ஆட்டிவிட்டது. தையல் நூலுக்கு மாறினேன். பதினாலு காந்தியும் 14.9-க்கும் 15-க்கும் நடுவில், தண்ணீரில் 1.47, 1.48, 1.49. ஒன்றுகூடத் தப்பவில்லை. லென்ஸில் பார்த்ததில் பதினொன்றில் வைரப் புள்ளி, மூன்றில் ஒன்றும் இல்லை. B எழுத்து எதிலும் இல்லை, ஆகவே தண்ணீர் குடிக்கத் தேவையில்லை.

பாதி வெள்ளி சொன்ன கடைக்குத் திரும்பப் போகவில்லை. பெரியப்பச்சி போகத் துடித்தார், நாங்கள்தான் பிடித்து வைத்தோம்.

வீட்டில் முடிவு செய்தது இது. தங்கத்தை இப்போதைக்குத் தொடவில்லை, பங்காளிகள் ஆறு பேர் பெயரிலும் லாக்கரில் இருக்கும், அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஓடு மாற்றுகிற வேலை நின்றுவிடும். காந்தி காசு வீட்டுக்கு இரண்டு. அது பன்னிரண்டு ஆனது, பாக்கி இரண்டில் ஒன்று அப்பத்தாவைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்ட வேலையம்மாவுக்கு. இன்னொன்று நான் புளி போட்டது, அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, என்னிடமே தள்ளிவிட்டார்கள். 72-உம் 74-உம் சிலோனும் சேர்க்க ஆசைப்பட்டவன் நான் என்பதால் என் பொறுப்பில். ஆக ரஸ்தா அண்ணன் போட்ட கோடு மட்டும் இல்லை, தராசு அண்ணன் சொன்ன டைரி மட்டும் இல்லை, 1969 முதல் 1981 வரைக்கும் முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு பெரிய கோயிலுக்கு வரலாம் என்று இருக்கிறேன். அடுத்து 1970-இன் 10 ரூபாய். நியாயமான விலைக்கு யாரிடமாவது உபரி இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு சின்னக் கேள்வி மட்டும் பாக்கி. காந்தி காசு 34 மில்லிமீட்டர் வருகிறது. அந்த அளவில், காசைப் போட்டு மூடி வைக்கும் கேப்சூல் காரைக்குடியில் எங்கே கிடைக்கும்?

வட்டிக்கடை வாரிசு

காரைக்குடியில் நான் பார்த்ததில்லை. சென்னையில் இருந்து போன தடவை ஐம்பது வாங்கினேன், பதினெட்டு மிச்சம். வெள்ளிக்கிழமை புதுவயல் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள், பதினாலு தருகிறேன். அந்தப் புளிக் காசையும் எடுத்து வாருங்கள், பார்க்க வேண்டும்.